பாடபேதமா, இடைச்செருகலா?

எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் கார் ஓட்டமின்றி நின்று ஏழு மாதங்களாகின்றன. அதன் எஞ்சின் இனி உதவாது என்பது ஐயந்திரிபறத் தெளிந்த செய்தி. அதனிடத்தில் எந்த எஞ்சினை அமைப்பது என்பதே இப்பொழுது வீட்டிலும் அயலிலும் கடல் கடந்து வாழும் உறவினரிடத்தும் எழுந்துள்ள வழக்கு. இவ்வழக்கில் யான் ஒரு பக்கத்தைச் சார்ந்து நிற்கின்றேன். அது பணக்கணக்கில் தோற்கும் பக்கம் என்பதையும் அறிவேன். ஆயினும் என்னை நோக்கி எறியப்பட்ட சில வாதங்கள் நாம் வகுப்பறையிலே நாள்தோறும் கையாளும் வாதங்களாகவே இருத்தலின், அவற்றை ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் முன்னே வைத்தல் தகும் எனக் கருதினேன்.

எஞ்சினை இயந்திரம் என்றோ பொறி என்றோ ஏன் எழுதவில்லை என்று கேட்பார் சிலர் இருப்பர். பொறி என்றால் என் மாணாக்கர் மெய், வாய், கண் என்று எண்ணத் தொடங்கிவிடுவர். இயந்திரம் என்றால் நெல்லுக் குற்றும் ஆலையும் அதனுள் அடங்கும். கராச்சில் எஞ்சின் என்றால் எஞ்சினே. வழக்கு வலிது என்று விட்டுவிட்டேன்.

காரின் வரலாற்றைச் சுருங்கக் கூறுகின்றேன். 1958இல் இங்கிலாந்திலே செய்யப்பட்ட அவ்வண்டியை என் தந்தையார் 1964இல் ஒரு தபாலதிபரிடமிருந்து வாங்கினார். மைனர் என்னும் இனம் 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முதல் வெளிவந்தது. அலெக் இசிகோனிஸ் என்பார் அதனை வகுத்தார். 1971 வரையில் பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. எங்களுடையதில் இருந்தது 948 கன சென்ரிமீற்றர் கொண்ட, நான்கு உருளை எஞ்சின். வலு 37 குதிரை. இன்றைய மோட்டார்ச் சைக்கிள் சிலவற்றுக்கு அதனினும் மிக்க வலுவுண்டு என்று என் மகன் நகைப்பான். நகைக்கட்டும். அந்த முப்பத்தேழு குதிரையும் எங்கள் குடும்பத்தை இழுத்த இழுவை அவனுக்குத் தெரியாது.

1990இல் போர் மறுபடி மூண்டபோது குடாநாட்டிற்குப் பெற்றோல் வருவது நின்றது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. அப்பொழுதுதான் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் பழைய ஒஸ்ரின்களையும் மொறிஸ்களையும் மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கினர். காபறேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு, முன்னாலே ஹாண்டிலைக் கொடுத்துச் சுழற்றி எஞ்சினை எழுப்புதல், அது சூடேறியதும் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுதல், இதுவே முறை. புதிய வண்டிகளுக்கு இந்த உபாயம் எளிதிற் பலிக்கவில்லை. பழையனவற்றுக்குப் பலித்தமைக்குக் காரணம், அவை உள்வாங்கிய கலவையை மிக இறுக்கி அமுக்காதவை என்பதே. அமுக்கம் கூடிய எஞ்சினில் மண்ணெண்ணெய் காலத்துக்கு முன்னரே வெடித்துத் தட்டும். ஆனால் இவற்றிலும் தீங்கு இல்லாமற் போகவில்லை. எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர்வழி வழிந்து கீழேயுள்ள ஒயிலிற் கலந்து அதனை நீராக்கும். ஒயில் நீராகவே றிங்குகளும் பெயாரிங்குகளும் தேயும். ஐந்தாண்டுக் காலம் எங்கள் எஞ்சின் இவ்வாறு தன்னைத் தானே தின்று எங்களைச் சுமந்தது.

1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவை வலிகாமத்தார் எவரும் மறவார். நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஊர் முழுவதும் ஒரே தெருவில் நகர்ந்தது. நடக்கமாட்டாத என் பாட்டியாரையும், கருவுற்றிருந்த தமக்கையையும், அயல்வீட்டுக் குழந்தைகள் நால்வரையும் ஏற்றிக்கொண்டு மைனரும் அக்கூட்டத்துள் ஊர்ந்தது. ஓடும் வண்டியின் எஞ்சினைக் காற்றுக் குளிர்விக்கும். ஊரும் வண்டிக்கு அவ்வுதவி இல்லை. நள்ளிரவில் றேடியேற்றர் கொதித்தது. நின்றால் பின்னால் வருவோர்க்கு வழியில்லை. வயலிலே நின்ற மழைநீரைச் சேலைத் தலைப்பால் வடித்து ஊற்றினோம். கொதிக்கும் இரும்பில் தண்ணீர் பட்ட ஓசை இன்னும் என் செவியில் இருக்கின்றது. எஞ்சின் நிற்கவில்லை. மறுநாள் மாலை சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு பனங்காணியுள் எங்களை இறக்கிவிட்டுத்தான் ஓய்ந்தது. அன்றைக்கு வயிற்றிலிருந்த பிள்ளைதான் இன்று கனடாவிலிருந்து தொலைபேசியில் என்னோடு வாதாடும் மருமகன்.

எஞ்சினைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் எழுபது கடந்தவர். என் தந்தையார் காலத்திலிருந்தே இவ்வண்டியைத் தொட்டவர். ஒயிலைத் துணியில் எடுத்துக் காட்டினார். தேநீரில் பால் விட்டதுபோல் வெளுத்திருந்தது.

“பண்டிதர், உது இனிச் சரிவராது. மூண்டாம் உருளையிலை மயிர்மாதிரி வெடிப்பு. அது தலைப் போல்ற் இறங்கிற துளை மட்டும் ஓடியிட்டுது. உங்கடை ஐயா இருக்கேக்கையே நாப்பது தௌ போர் எடுத்தாச்சு. இனி லைனர் அடிச்சாலும் பிடிக்காது.”

ஓரங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கை அவர்கள் தௌ என்பர். தேய்ந்த உருளையைக் கடைந்து அகலமாக்கிப் பெரிய பிஸ்ரன் இடுவதற்கு ஓர் எல்லையுண்டு. அவ்வெல்லையை நாம் எப்போதோ தொட்டுவிட்டோம். வெடிப்பு எந்த நாளில் விழுந்தது என்று அவர் சொல்லவில்லை; யானும் கேட்கவில்லை.

இனி வழக்கிற்கு வருவோம். மருமகன் கூறுவது இது: “மாமா, நான் காசு அனுப்பிறன். ஒரு ஜப்பான் டீசல் எஞ்சினைக் கியர்ப் பெட்டியோடை வாங்கிப் போடுங்கோ. இனி ஒருநாளும் தள்ளத் தேவையில்லை.” அவன் புதிதாக ஒன்றைச் சொல்லவில்லை. இந்நாட்டிற் பழைய கார்களுட் பல இன்று நிசான், டொயோட்டா, இசுசு எஞ்சின்களாலேயே ஓடுகின்றன. அவ்வெஞ்சின்களுக்கு உதிரி உறுப்புகள் எங்கும் உண்டு. எந்தப் பையனும் திருத்துவான். எரிபொருட் செலவு குறைவு. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை தடை நீடித்தபோது, கையிலுள்ள பழைய வண்டியை எவ்வாறேனும் ஓட்டுதல் வேண்டும் என்னும் நெருக்கடி பலர்க்கு வந்தது. வாடகைக் காரோட்டிப் பிள்ளைகளைப் படிப்பித்த ஒருவர் தம் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜில் டீசல் எஞ்சின் வைத்தாரென்றால் அவர்மீது குற்றங் கூறுதற்கு யான் யார்? வயிற்றுக்காகச் செய்ததை இலக்கணங் கொண்டு அளத்தல் கூடாது. யான் பேசுவது எங்கள் வண்டிபோல, பிழைப்புக்கன்றி நினைவுக்காக வைத்திருக்கப்படும் வண்டிகளைப் பற்றி.

முதலாவது தடை, இரும்பைப் பற்றியது. டீசல் எஞ்சின் தீப்பொறியின்றி அமுக்கத்தாலேயே எரிப்பது. அவ்வமுக்கத்தைத் தாங்கத் தடித்த வார்ப்பு வேண்டும். ஆதலின் பாரம் மிகுதி. மைனரின் முன்பக்கத்தைத் தாங்குவது சுருள்வில் அன்று, நெடுக்கே கிடக்கும் முறுக்குக் கோல். அது 948இன் பாரத்துக்கு அளந்து வைத்தது. பாரம் ஏற முகங் குனியும். முன்சில்லைத் தாங்கும் கீழ்மூட்டு இவ்வினத்தின் பேர்போன நோவிடம். கிறீஸ் இடத் தவறினால் மூட்டுக் கழன்று சில்லு மடிந்துவிழும். அதன்மேலும் பாரத்தை ஏற்றுதல் அறிவுடைமையோ? பின்னர், ஜப்பானியக் கியர்ப் பெட்டி உட்காருதற்குக் கீழே குறுக்காக ஓடும் தாங்கியை வெட்டவேண்டும். லொறிக்குப்போல மைனருக்குத் தனியே சட்டகம் இல்லை, உடலே சட்டகம். அதனை வெட்டுவது எலும்பை வெட்டுவதேயாம்.

இரண்டாவது தடை என் தொழிலைப் பற்றியது. பதிற்றுப்பத்திலே முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைத்தில. 1904இல் அந்நூலைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், தாமே இருபது பாட்டு இயற்றி அவ்விடத்தை நிரப்பவில்லை. இயற்றும் ஆற்றல் அவர்க்கில்லை என்று எவரும் கூறார். எங்கள் சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளையவர்கள் கலித்தொகையை 1887இல் அச்சேற்றியபோதும் செல்லரித்த ஏடுகளோடுதான் மல்லாடினார்கள். ஏடு சிதைந்தவிடத்து மற்றொரு பிரதியைத் தேடுவதே அவர்கள் கண்ட நெறி. வேறு பிரதியிற் கிடைத்த சொல் பாடபேதம் எனப்படும். பிரதியே இல்லாது, ஒருவர் தம் கைச்சரக்கை இடையே வைத்தால் அது இடைச்செருகல். கம்பராமாயணத்துள் அத்தகைய செருகல்களைக் களைவதற்கு அறிஞர் எத்தனை தலைமுறை உழைத்தனர்! ஜப்பான் எஞ்சின் இடைச்செருகல் என்றேன் மருமகனிடம்.

அவன் சும்மா விடவில்லை. இரண்டு நாட் கழித்து மறுபடியும் பேசினான்; இம்முறை படித்துவிட்டு வந்திருந்தான். இசிகோனிஸ் இவ்வண்டிக்கென வகுத்த எஞ்சின் வேறு என்றான். உருளைகள் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்துக் கிடக்கும் தட்டை எஞ்சினை அவர் வகுத்தார். அது கைவிடப்பட, பழைய மொறிஸ் எய்ற்றின் 918 கன சென்ரிமீற்றர் எஞ்சினை வைத்துத்தான் 1948இல் வண்டி வெளிவந்தது. 1952இல் ஒஸ்ரின் கம்பனியும் மொறிஸ் கம்பனியும் ஒன்றாயின. அதன்பின் மைனருக்கு வந்ததோ, ஒஸ்ரின் தனது ஏ30 காருக்காக 1951இல் வெளியிட்ட எஞ்சினின் வழி. “மாமா, மைனர் பிறந்ததே இரவல் எஞ்சினோடை. நீங்கள் மூலம் எண்டு சொல்லுறது ஆற்றை மூலம்?” இவ்வளவில் நில்லாது, பழையன நீங்கிப் புதியன வருவதைக் குற்றமன்றென ஒப்பும் நன்னூற் சூத்திரத்தையும் எனக்கே எடுத்துக் காட்டினான். அதனை அவனுக்குக் கற்பித்தவன் யான். ஆசிரியர்க்கு இதனினும் பெருந் தோல்வியும் இல்லை, பெரு மகிழ்ச்சியும் இல்லை.

அவன் கூறியவை உண்மை. படுத்த எஞ்சினுக்கென விடப்பட்ட அகலமே மைனரின் மூக்கினுள் இன்றும் இருபுறத்தும் வெறுமையாகக் கிடக்கின்றது. எல்லோரும் எல்லா எஞ்சினையும் அதற்குள் வைக்க முடிவதும் அதனாலேயே. ஆதலால் தூய மூலம் என்னும் வாதத்தை யான் கைவிட்டேன். தூய மூலம் தொல்காப்பியத்துக்கே நம் கையில் இல்லை; உரையாசிரியர் கண்ட பாடங்களே உள்ளன. ஆயினும் வழக்கு முழுவதும் தோற்றுவிடவில்லை. நன்னூலார் காலவகையால் வருவனவற்றைக் குற்றமன்று என்றாரேயன்றி, வேண்டுமென்று புகுத்துவனவற்றைப் பற்றிக் கூறினாரல்லர். பிரதிகள் பல இருக்கையில் அவற்றுள் ஒன்றைத் தேர்வதும், பிரதி இருக்கவும் அதனைத் தள்ளிவிட்டுப் புதிதாய் எழுதுவதும் ஒன்றாகா. இன்னொன்றும் உண்டு. பின்வருபவன் விரும்பினால் நான் செய்ததை நீக்கி முன்னிருந்த நிலைக்கு மீளக்கூடுமா என்பது. மரைகளைக் கழற்றி வைத்த எஞ்சினை மரைகளைக் கழற்றியே எடுத்துவிடலாம். வெட்டிய இரும்பை யார் மீட்பார்? அடிக்குறிப்பில் இட்ட திருத்தத்துக்கும், ஏட்டையே சுரண்டி எழுதிய திருத்தத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

எனவே அந்த ஒஸ்ரின் வழி எஞ்சின்களுக்குள்ளேயே தேடுவதென்று முடிவு செய்தோம். அவ்வழி பெரிது. 803, 948, 1098, 1275 என வளர்ந்து, மினி காரில் 2000ஆம் ஆண்டுவரை செய்யப்பட்டது. மைனருக்கே 1962 முதல் 1098 வந்தது. வலு 48 குதிரை. இலக்கத் தகட்டிற் 9 எம் என்று தொடங்கினால் 948, 10 எம் ஏ என்று தொடங்கினால் 1098. பலரும் விரும்புவது இதனையே. பழைய வண்டியில் வைப்பதாயின் கியர்ப் பெட்டியையும் சேர்த்தே வாங்குதல் நன்று. ஏனெனில் அதன் கிளச் ஓரங்குலம் அகலமானது, பழைய பெட்டியின் வாயுள் அடங்காது. 1098இன் கிராங் நீண்ட வீச்சுடையது, மெல்லிய கழுத்துடையது, விரட்டி ஓட்டினால் பொறுக்காது. 1275 வலுவுடையது. மொறிஸ் மரீனாவிலோ எம்ஜி மிட்ஜெற்றிலோ இருந்து எடுத்ததாயின் நெடுக்காகவே உட்காரும். ஏ9 வழியே கொழும்புக்கு அடிக்கடி போய்வருபவர்க்கு யானே அதனைச் சொல்வேன். ஆனால் பிறேக்கையும் மாற்றவேண்டும். ஓடுவதற்கு வலுச் சேர்த்துவிட்டு நிற்பதற்குச் சேர்க்காதவரோடு யான் பயணஞ் செய்யமாட்டேன்.

இவ்விடத்தில் ஓர் ஏமாற்றத்தையும் சொல்லவேண்டும். தென்னிலங்கையில் ஒருவர் 1275 எஞ்சின் உண்டு, மைனருக்கு அப்படியே பொருந்தும் என்றார். முற்பணமும் கொடுத்துவிட்டோம். வந்திறங்கியதைப் பார்த்த மெக்கானிக் ஒன்றும் பேசாமல் வெற்றிலையை எடுத்தார். அது குறுக்காக வைக்கும் வண்டியின் எஞ்சின். அவ்வகையிற் கியர் எஞ்சினுக்குக் கீழே, ஒயிற் சட்டியினுள்ளேயே இருக்கும். பின்தட்டு வேறு, சட்டி வேறு, கிராங்கின் வால்முனை வேறு. குடும்பம் ஒன்றே, ஆனால் நம் வீட்டு வாசலால் நுழையாது. கொடுத்த பணத்திற் பாதிதான் மீண்டது. விற்றவர் அறிந்து செய்தாரோ, அறியாது செய்தாரோ, அதனை விட்டுவிடுகின்றேன். எஞ்சின் வாங்கப் போகிறவர் இலக்கத் தகட்டைக் கண்ணாற் காணாமல் காசைக் கொடுக்கவேண்டாம்.

பின்னர் மெக்கானிக் தாமாகவே ஒரு செய்தி கொண்டுவந்தார். வடமராட்சியில் பூட்டிக் கிடக்கும் வீடொன்றின் கொட்டிலில் ஒரு ஒஸ்ரின் ஏ35 நிற்கின்றது; அடித்தகடு முழுவதும் உக்கிவிட்டது; எஞ்சின் மட்டும் ஒயிலில் மூழ்கிச் சுகமாயிருக்கின்றது என்றார். ஏ35இன் எஞ்சின் அதே 948. சென்று பார்த்தோம். ஹாண்டிலைக் கொடுத்து அவர் மெல்லத் திருப்பினார், திரும்பிற்று. காதை வைத்துக் கேட்டார். போர் ஒருமுறையும் எடுக்கப்படவில்லை என்றார். முன்தட்டையும் ஒயிற் சட்டியையும் எங்களுடையதிலிருந்து மாற்றினாற் போதும்; வெட்டுதல் எங்கும் இல்லை. தலையில் மட்டும் புகைவால்வுகளுக்கு வன்மையான இருப்புவளையம் அடிக்கவேண்டும். 2002இல் இந்நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் நின்றபின், பழைய வார்ப்பிரும்புத் தலைகளில் வால்வின் இருக்கை அரிபடுகின்றது. அந்த வீட்டுக்காரர் நோர்வேயிலிருக்கிறார். தொலைபேசியிற் பேசினேன். விலை கேட்டபோது சற்றுநேரம் பேசாதிருந்தார். “அது எங்கடை அப்புவின்ரை கார். எஞ்சினை எடுங்கோ, ஓடட்டும். ஸ்ரார்ற் பண்ணேக்கை அந்தச் சத்தத்தை எனக்கு ஒருக்கா அனுப்பிவிடுங்கோ” என்றார். விலையைப் பற்றி அவர் பிறகும் பேசவில்லை.

இதற்கெல்லாம் ஆகும் செலவு டீசல் எஞ்சினுக்கு ஆவதினுங் குறைவன்று. எரிபொருளுக்கும் கூடவே செல்லும். 2022இல் வரிசையில் நின்ற நாட்களை நினைத்தால் அச்சமும் உண்டாகின்றது. மகன் இதனைக் கணக்கிட்டு ஒரு தாளில் எழுதி என் மேசைமேல் வைத்திருக்கிறான். கணக்குச் சரி. அவன் எழுதாத ஒன்று உண்டு. இவ்வெஞ்சினைக் காதாற் கேட்டு அறிபவர் இப்பகுதியில் இனி இரண்டு மூவரே. எங்கள் மெக்கானிக்கின் பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில். அவரிடம் ஒரு பையன் மட்டும் வேலை பழகுகின்றான். அவன் கையில் இதுவரை ஒரு 948ஐயும் முழுதாகப் பிரித்துப் பூட்டும் வாய்ப்பு விழவில்லை. இம்முறை விழப்போகின்றது. 1990களில் தென்னிலங்கையில் மைனருக்கான உறுப்புகளைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய தொழிற்சாலை ஒன்றிருந்தது. அதே ஆண்டுகளில்தான் நாங்கள் இங்கே தகரப்பேணியை வெட்டி அதே வண்டிக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தோம். கைத்தொழில் இருந்தது, பொருள் இல்லை. இன்றைக்குப் பொருள் வரவழைக்கலாம், கையில்லை.

மருமகன் இறுதியில் இணங்கிவிட்டான் என்று எழுத ஆசை, இணங்கவில்லை. தள்ளும் நாள் வரும்போது தன்னைக் கூப்பிடவேண்டாம் என்றான். ஆயினும் தலைக்கு இருப்புவளையம் அடிக்கும் கூலியைத் தான் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான்.

தைப்பொங்கல் கழிந்து எஞ்சினை இறக்குவதாக ஏற்பாடு. புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவுப் புத்தகத்தில் மாற்றவேண்டும். அதற்குரிய கடிதங்களை எழுதத் தொடங்கியிருக்கின்றேன். பழைய எஞ்சினை இரும்புக்காரர் கிலோக் கணக்கிற் கேட்டார். மெக்கானிக் அதனை ஒயிலால் துடைத்து, சாக்கில் சுற்றி, எங்கள் கொட்டிலின் மூலையில் இரண்டு பனங்குற்றிகளின்மேல் வைத்திருக்கிறார்.